பட்டறைச் சாம்பல்

திருவொற்றியூரில் ரயில்வே லைனை ஒட்டி, மூடிப்போன ஒரு குடோனின் பின்பக்கம் பத்து சென்ட் நிலம் கிடந்தது. உப்புப் பூத்த மண், உடைந்த பாட்டில், ஊர்க் குப்பை. 2002-ல் மலர்க்கொடி அதில் தோட்டம் போடக் கேட்டபோது குடோன்காரர் சிரித்துக்கொண்டேதான் சாவியைக் கொடுத்தார். அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. பக்கத்துப் பள்ளியில் சயின்ஸ் டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டு, தம்பி பாஸ்கர் வீட்டிலேயே இருந்தாள். ஒன்றைப் பிடித்தால் லேசில் விடமாட்டாள், அது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வருஷத்தில் அங்கே பதினான்கு பாத்தி கீரை வந்துவிட்டது. பெயின்ட் டிரம்மில் தக்காளி, தொட்டியில் மண்புழு. தெருவின் குளியல் தண்ணீரைக் கல்வாழைப் புதருக்குள் விட்டு வடிகட்டிப் பாத்திக்குத் திருப்பினாள். காசிமேட்டிலிருந்து மீன் செதில், குடல் எல்லாம் வாளியில் வரும், வெல்லம் போட்டு ஊறவைத்தால் உரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது பிள்ளைகள் வந்து விடுவார்கள். இலையின் அடிப்பக்கம் நெயில் பாலிஷ் தடவி, காய்ந்ததும் உரித்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துத் துளைகளை எண்ணுவார்கள். பள்ளிக்கூடத்தில் பெயிலாகிக் கொண்டிருந்ததுகள் எல்லாம் இங்கே அடித்துப் பிடித்துக்கொண்டு கை தூக்கும். போகும்போது ஆளுக்கொரு கட்டு கீரை இலவசம். தெருவில் அவளுக்குக் கீரை டீச்சர் என்றே பெயர் விழுந்தது. அந்தப் பெயரில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

கீரை அதிகமாகப் போனது அவள் வீட்டுக்குத்தான். பாஸ்கரின் மனைவி மங்கைக்கு இரண்டு தடவை கர்ப்பம் கலைந்திருந்தது. மூன்றாவது தங்கியதும் மலர்க்கொடி கங்கணம் கட்டிக்கொண்டாள். தினமும் ஒரு கட்டு சிறுகீரையோ அரைக்கீரையோ பறித்து வந்து, தானே ஆய்ந்து, தானே கடைந்து, மங்கை தட்டில் போட்டுவிட்டுத்தான் ஸ்கூலுக்குக் கிளம்புவாள்.

"போதும் அண்ணி, வவுறு கொள்ளல."

"உனக்கு இல்ல, உள்ள இருக்கறதுக்கு. இரும்புச்சத்து. சாப்பிடு."

மங்கை சாப்பிடுவாள். அண்ணி படித்தவள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அந்த வருஷம் ஜூனில் கீரையில் அசுவினிப் பூச்சி அப்பியது. மருந்து அடிக்க மாட்டேன் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாள். அவள் அம்மா இருந்தவரை கொல்லைச் செடிக்கு அடுப்புச் சாம்பலைத்தான் தூவுவாள், பூச்சி ஓடிவிடும். ஆனால் இப்போது சாம்பலுக்கு எங்கே போவது? தெரு முழுக்க ஸ்டவ்வும் கேஸும். பாஸ்கர் மணலிப் பக்கம் மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். "எங்கனா சாம்பல் கெடச்சா எடுத்தாடா" என்றாள். மூன்றாம் நாள் எட்டு மூட்டை கொண்டுவந்து இறக்கினான். மாவுபோல நைசான சாம்பல். எங்கே எடுத்தாய் என்று அவள் கேட்கவில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து இலைமேல் தூவினாள், மிச்சத்தைச் செடிக்கு நல்லது என்று மண்ணில் கலந்தாள். நாலே நாளில் ஒரு பூச்சி இல்லை. பூச்சிக்கு இருந்த அறிவு நமக்கு இல்லாமல் போயிற்று.

நவம்பரில் மாவட்ட அறிவியல் கண்காட்சி. ஒன்பதாவது படிக்கும் ஷாலுதான் யோசனை சொன்னாள்: மார்க்கெட் கீரையையும் நம்ம கீரையையும் லேபில் கொடுத்துப் பார்த்து, நம்முடையதுதான் சுத்தம் என்று சார்ட் போடலாம். மலர்க்கொடிக்கு அப்படியே பிடித்துவிட்டது. அவளோடு படித்த ஃப்ளோரன்ஸ் ஒரு பெரிய லேபில் வேலை செய்தாள், சும்மாவே பார்த்துத் தருகிறேன் என்றாள். இரண்டு கவரிலும் அ, ஆ என்று மட்டும் எழுதி அனுப்பினார்கள்.

பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் தோட்டத்துக்கு வந்த பிறகு ஃப்ளோரன்ஸ் போன் செய்தாள். "இந்த ஆ எங்கேர்ந்துடி எடுத்தீங்க? ஈயம் இருக்கலாம்ங்கற அளவப் போல பதினாறு மடங்கு இருக்கு. ரெண்டு தரம் ஓட்டிப் பாத்துட்டேன்."

ஆ என்பது அவர்கள் கீரை.

அவள் அப்போதே பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னாள். இருபது முகமும் செத்துப்போயிற்று. ஷாலு மட்டும் போர்டுக்குப் போய்ச் சாக்பீஸை எடுத்தாள். தண்ணி, மண், மண்புழு உரம், மீன் உரம், சாம்பல் என்று வரிசையாக எழுதினாள். தண்ணியும் மண்ணும் போன வருஷமே டெஸ்ட் செய்தாயிற்று. மண்புழு உரத்திலும் மீன் உரத்திலும் போட்டது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள்.

"மிஸ், இந்த சாம்பல் இன்னா சாம்பல்?"

 மலர்க்கொடி வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். பாஸ்கர் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தான்.

"அதுவா? சடையங்குப்பம் போற வழில ஒரு பட்டறை கீது. பழைய பேட்டரி ஒடைச்சி உருக்குவான். கொட்றதுக்கு எடமில்லாம மூட்டை மூட்டையா வெச்சிகினு இருந்தான், எடுத்துனு போன்னான். ஏன்க்கா? சாம்பல்தானே கேட்ட?"

சாம்பல்தான் கேட்டாள். அடுப்பில் எரிந்ததும் சாம்பல், ஈய உலையில் எரிந்ததும் சாம்பல். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். அவனைக் குற்றம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. உள்ளே மங்கை சம்மணம் போட்டு உட்கார்ந்து, காலையில் வைத்துவிட்டுப் போன கீரையைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தாள். ஆறாவது மாதம். மலர்க்கொடி தட்டைப் பிடுங்கினாள்.

"இன்னா அண்ணி, இது ஒண்ணுதான் வாந்தி வராம எறங்குது."

மலர்க்கொடி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈயம் இருந்தது. வயிற்றில் பிள்ளையோடு அதற்கு மருந்து கொடுக்க முடியாது என்று டாக்டர் சுண்ணாம்புச்சத்து மாத்திரை எழுதினார். குழந்தைக்குப் போயிருக்குமா என்று மலர்க்கொடி கேட்டாள். போயிருக்கும் என்றார். என்ன ஆகும் என்றாள். பிறந்து வளர்ந்தால்தான் தெரியும், சிலதுகளுக்கு ஒன்றும் ஆகாது, சிலதுகளுக்கு மூளை மந்தமாகும் என்றார். மங்கை வெளியே பெஞ்சில் இருந்தாள். அவளிடம், ஒன்றுமில்லையாம், மாத்திரை போட்டால் போதுமாம் என்று பாஸ்கர் சொல்லிவிட்டான்.

மலர்க்கொடி தெருவிலும் சொன்னாள். தோட்டத்து வாசலில் நின்று, இனிமேல் யாரும் இந்தக் கீரையைத் தொடாதீர்கள், சாப்பிட்ட பிள்ளைகளுக்கு ரத்தம் பார்க்க வேண்டும் என்றாள். மீன்காரி கெங்கம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அஞ்சு மாசமா துன்னுகினு கீறோம். யாருக்கு இன்னா ஆச்சு சொல்லு?"

"இது உடனே தெரியாதுக்கா. பசங்க படிப்பு ஏறாது, மறதி வரும், அப்பிடித்தான் மெதுவா..."

"எங்க பசங்களுக்கு என்னிக்கு படிப்பு ஏறிச்சி?" என்றாள் கெங்கம்மா. எல்லோரும் சிரித்தார்கள். "நெலத்த கன்டெய்னர் லாரி நிறுத்தறவனுக்கு பேசி முடிச்சிட்டியா டீச்சர்? அத்த நேரா சொல்லேன்."

எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. மறுநாள் அவள் பிடுங்கிப் போடுவதற்குமுன் பாதிப் பாத்தி காலியாகிவிட்டது. யாரோ அறுத்துக்கொண்டு போய்க் கடைந்துவிட்டார்கள். மிச்சத்தை ஷாலுவும் இன்னும் நாலு பேரும் கூட நின்று பிடுங்கிக் குழியில் போட்டு மூடினார்கள்.

"மிஸ், நம்ப ப்ராஜக்ட் கரெக்டாதானே வந்துச்சி?" என்றாள் ஷாலு.

"கரெக்டாத்தான் வந்துச்சு."

அந்தப் பெண்ணும் ஐந்து மாதம் அதே கீரையைத்தான் சாப்பிட்டிருந்தாள். ரத்தம் பார்க்க அவள் வீட்டில் யாரும் கூட்டிப்போகவில்லை. குடோன்காரர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தை பிறப்பதற்குள் அங்கே கன்டெய்னர் லாரிகள் நின்றன. பார்த்தியா, நான் அன்னிக்கே சொன்னேன் என்று கெங்கம்மா தெரு முழுக்கச் சொன்னாள்.

மார்ச்சில் மங்கைக்கு ஆண் குழந்தை. எடை கொஞ்சம் குறைவு, மற்றபடி கைகால் சுகம். செங்குட்டுவன் என்று பெயர் வைத்தார்கள். தெரு மொத்தமும் வந்து பார்த்துவிட்டு, இந்தத் தங்கத்தைப் போயா டீச்சர் அப்படிச் சொன்னாள் என்று போயிற்று. பாஸ்கர் சிரித்தான். மலர்க்கொடியும் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கவில்லை. எந்த மாதம் தலை நிற்க வேண்டும், எந்த மாதம் உட்கார வேண்டும் என்று அவளுக்கு மனப்பாடம். தலை நின்றது, தாமதமாக. உட்கார்ந்தது, அதுவும் தாமதமாக. கூப்பிட்டால் திரும்புவதற்கு ரொம்ப நேரம் பிடித்தது. அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

சுனாமிக்கு மறு வருஷம் புரட்டாசியில் குழந்தைக்கு ஒன்றரை வயது முடிந்தது. அம்மா என்றுகூட வரவில்லை. பக்கத்து வீட்டு பிலோமியின் பேத்தி அவனைவிட மூன்று மாதம் சின்னது, காக்காவைக் காட்டி வாய் ஓயாமல் பேசியது. மங்கை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். மலர்க்கொடி பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஆம்பளப் புள்ள லேட்டாதான் பேசும்னு எல்லாரும் சொல்றாங்க. அவங்க சொல்றது இன்னா, அவங்களுக்கு இன்னா தெரியும். நீ படிச்சவ. நீ சொல்லு, நான் நம்பறேன்."

மலர்க்கொடி பேனாவைக் கீழே வைத்தாள். குழந்தை அவள் பக்கம் திரும்பவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமா மங்கை" என்றாள். "ஆம்பளப் புள்ளைங்க லேட்டாத்தான் பேசும்."

மங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாடா என்று, பிள்ளையை அவள் மடியில் வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனாள்.