கோட்டைவாசல் அரசியின் குரல்

ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பது அவள் தொழில். சுவரெல்லாம் பஞ்சு அட்டை ஒட்டிய, பெட்டி போன்ற ஓர் அறைக்குள் உட்கார்ந்து பக்கம் பக்கமாக வாசிக்க வேண்டும். சரசரக்கும் துணி உடுத்தக் கூடாது, வளையல் போடக் கூடாது. வயிறு லேசாக உறுமினாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கிவிடுவார். வாய் உலர்ந்து நாக்கு ஒட்டாமல் இருக்க, பச்சை ஆப்பிளை நறுக்கிப் பக்கத்தில் வைத்திருப்பாள். அந்தப் பெட்டிக்குள் இருந்துகொண்டுதான் ஒரு ராஜ்ஜியத்தையே தொண்டையில் சுமந்தாள். பறக்கும் பாம்புகளும் மந்திர வாள்களும் பனிமலைகளும் நிறைந்த மாபெரும் கற்பனைத் தொடர் அது. ஏழு பாகங்கள் வந்துவிட்டன, ஒவ்வொன்றும் தலையணை கனம். அரசன் முதல் குதிரைக்காரன் வரை அத்தனை பேருக்கும் அவள் ஒருத்தியே குரல்.

அந்தத் தொடரின் வாசகர்களை அவளுக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பது மரியாதைக்குச் சொல்லும் வார்த்தை.

கதையில் வடதிசை இளவரசன் என்று ஒருவன் வருவான். இரண்டாம் பாகத்தில் சொந்த மாமனைக் கொன்றான். மூன்றாவதில் ஒரு துறைமுக நகரத்தை மக்களோடு கொளுத்தினான். ஐந்தாவதில் கட்டிய மனைவியைக் கோபுரத்தில் அடைத்துவிட்டு மறந்தே போனான். வாசகர்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். தாயில்லாமல் வளர்ந்த பிள்ளையாம், மனசெல்லாம் காயமாம். ஊரைக் கொளுத்தியபோது அவன் கண் கலங்கியதை எத்தனை பேர் கவனித்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். வெந்து போனவர்களை எத்தனை பேர் கவனித்தார்கள் என்று கேட்க அங்கே நாதியில்லை.

இன்னொருத்தி கோட்டைவாசல் அரசி. நான்காம் பாகத்தில், முற்றுகைக்குள் பசியால் சுருண்டு கிடந்த குழந்தைகளை வெளியே அனுப்புவதற்காக வாசலைத் திறந்தாள். எதிரி உள்ளே புகுந்துவிட்டான். அன்று முதல் அவளைக் கரித்துக் கொட்டாத வாசகர் இல்லை. துரோகி, பேய், குடிகெடுத்தவள். அவள் நடக்கிற நடையே எரிச்சலாக இருக்கிறது என்று ஒருவர் எழுதினார். காகிதத்தில் அச்சாகி இருப்பவளின் நடையை அந்த மகானுபாவர் எந்தத் தெருவில் பார்த்தாரோ.

இவற்றையெல்லாம் அவள் தேடிப் போய்ப் படிக்க வேண்டியதில்லை. கொழுந்தனே வீட்டில் உரக்க வாசித்துக் காட்டுவான். வேலை தேடுகிறேன் என்று அண்ணன் வீட்டுக்கு வந்தவன், தேடலைக் கூடத்துச் சோபாவிலேயே தொடங்கி அங்கேயே முடித்துவிட்டான். அண்ணனின் சட்டையைக் கேட்காமல் எடுத்து மாட்டிக்கொண்டு, வாக்குத் தவறாமை பற்றி வாசகர் வட்டத்தில் நீளநீளமாக எழுதுவான். அரசியின் பெயரை எடுத்தாலே அவனுக்கு முகம் கோணும்.

அந்தக் கோணலில் தனக்கும் பங்கு உண்டு என்பதுதான் அவளுக்கு உறுத்தல். முதல் பாகம் பதிவான சமயத்தில் அரசி யாரென்றே யாருக்கும் தெரியாது. புத்தகத்தில் 'குறைவாகப் பேசுகிறவள்' என்று மட்டும் இருந்தது. பதிப்பகத்து மேலாளர் ஒலிபெருக்கியில், கேட்கிறவங்களுக்கு எரிச்சல் வர்றதுக்கும் ஒரு ஆள் வேணும், கொஞ்சம் மூக்கால இழுங்க என்றார். அவள் தன் நாத்தனாரை நினைத்துக்கொண்டு இழுத்தாள். ஒலிப்பதிவாளர் சிரித்தே விட்டார். நான்காம் பாகத்தில் அதே அரசி பட்டினிக் குழந்தைகளுக்காகக் கெஞ்சியபோது, குரலை மாற்ற வழியில்லை. உலகத்திலேயே நியாயமான பேச்சை மூக்கால் பேசி முடித்துவிட்டு, அன்று அவள் யாரோடும் பேசாமல் வீட்டுக்குப் போனாள்.

எட்டாம் பாகம் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, வாசகர் வட்டம் ஒரு கூட்டம் வைத்தது. வட்டத்தின் தலைவர் ஒரு பல் மருத்துவர். நாள் முழுக்க எதிரில் இருப்பவர்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேச முடியாமல் இருப்பது பழகிப்போன மனிதர். மாலையிலும் யாரும் பதில் பேசுவார்கள் என்று எதிர்பார்க்க மாட்டார். வெளிவராத பாகத்திலிருந்து ஒரு பகுதியை வாசிக்க அவளை அழைத்தார்கள். மேலாளரும் விளம்பரமாக இருக்கும், போயிட்டு வாங்க என்றார். எந்தப் பகுதி என்பதை அவளிடமே விட்டுவிட்டார்.

புத்தகக் கடையின் மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பி வழிந்தன. பாதிப்பேர் இளவரசன் மாதிரி கறுப்புப் போர்வை போர்த்திக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் கொழுந்தன், அண்ணனின் நல்ல சட்டையில். பல் மருத்துவர் அவளை அறிமுகப்படுத்தியபோது, அந்தக் கேடுகெட்டவளுக்கு இவ்வளவு பொருத்தமான குரல் எங்கிருந்துதான் பிடித்தீர்களோ என்றார். மாடியே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். சிரிக்கும்போதே என்ன செய்யப் போகிறோம் என்று முடிவாகிவிட்டது.

ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டு, அரசியின் மூக்குக் குரலில் வாசிக்கத் தொடங்கினாள்.

"வாசலுக்கு வெளியே நிற்பவர்கள் என் இரத்தம் அல்ல. அவர்களுடைய குழந்தைகள் பனியில் உறைந்தால், அது பனி செய்த குற்றம். என் துக்கம் எனக்குப் போதும். கதவைத் தாழிடுங்கள்."

முதல் வரியிலேயே உறுமல் கிளம்பிவிட்டது. கடைசி வரியில் நாற்காலிகளைத் தட்டினார்கள். கல்நெஞ்சக்காரி என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். நான் அப்பவே சொன்னேனே என்று கொழுந்தன் எழுந்து நின்று எல்லோரையும் பார்த்தான். பல் மருத்துவர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்து, சிலர் பிறவியிலேயே இப்படித்தான், இவர்களுக்குள் ஈரம் என்பதே கிடையாது, இதற்கு மன்னிப்பே இல்லை என்று விளக்கம் கொடுத்தார்.

அவர் முடிக்கும் வரை அவள் காத்திருந்தாள். பிறகு தன் சொந்தக் குரலில் அடுத்த வரியை வாசித்தாள்.

"என்று சொல்லிவிட்டு, வடதிசை இளவரசன் கணப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்."

யாரோ ஒருவருடைய போர்வை நழுவி விழுந்தது. தலை குனிவார்கள், ஒருவராவது குனிவார் என்று அவள் நினைத்தாள். அவளுடைய தப்புக் கணக்கு அது ஒன்றுதான்.

பல் மருத்துவர் தொண்டையைக் கனைத்தார்.

"இளவரசர் சொன்னார்னா அது வேற மேடம். அவர் அனுபவிச்ச வலி அப்படி."

"ஈரமே இல்லாத பிறவின்னு இப்பதானே சொன்னீங்க?"

"அது அவளைச் சொன்னது."

"அவ இதைச் சொல்லவே இல்லையே."

"சொல்லக் கூடியவதான்," என்றார் மருத்துவர், மாற்றுக் கருத்துக்கு இடமில்லாமல்.

அவ்வளவுதான், மாடிக்கு உயிர் வந்துவிட்டது. தாழிட்டது படைவீரர்களைக் காப்பாற்றத்தான் என்று ஒருவர் சொன்னார். உள்ளுக்குள் அவர் அழுதிருப்பார் என்றாள், கல்நெஞ்சக்காரி என்று கத்திய அதே பெண். எங்களை ஏமாற்றியது தப்பு, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கடைசியில் வாசித்தவள் பக்கம் திரும்பினார்கள். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

மறுநாள் வாசகர் வட்டத்தில் அரசிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு இவளை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். துரோகி என்ற பட்டம் அப்படியே இவளுக்கு இடம் மாறியது. மேலாளர் போனில் வந்து, எட்டாவது பதிவானதோடு போதும், ஒன்பதாவதுக்கு வேற ஆள் பாத்துக்கறோம் என்றார். குரலில் வருத்தம் இருந்தது. யாருக்காக என்று தெரியவில்லை. கொழுந்தன் சோபாவில் படுத்தபடியே, "நீங்க அப்படிப் பண்ணிருக்கக் கூடாது அண்ணி. எனக்குத்தான் அசிங்கம்" என்றான். அவளுக்குக் கோபம் வரவில்லை. அசிங்கப்படுவதற்கும் ஒரு யோக்கியதை வேண்டும் என்று தோன்றியது. கணவரிடம், தம்பி வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்று மட்டும் சொன்னாள். இத்தனை நாள் சொல்லத் தயங்கிய வார்த்தை, சொன்ன பிறகு சப்பென்று இருந்தது. மாதம் முடிவதற்குள் அவன் போனான், இரண்டு சட்டைகளோடு.

ஒன்பதாம் பாகத்தில் அரசி செத்துப்போனாள். புதிதாக வந்தவள் அவளை இனிமையான குரலில் வாசித்திருந்தாள் என்று கேள்வி. வாசகர்கள் அழுது தீர்த்தார்கள். இத்தனை நாள் புரிந்துகொள்ளாமல் போனோமே, அவளல்லவா தாய் என்று மூக்கைச் சிந்தினார்கள். பல் மருத்துவர் அஞ்சலிக் கூட்டம் ஏற்பாடு செய்துவிட்டு இவளையே போனில் கூப்பிட்டார். பழையதை மனசுல வெச்சுக்காதீங்க, அரசியோட முதல் குரல் நீங்க, ரெண்டு வார்த்தை பேசணும் என்றார்.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "அரசியைக் கொன்னது யாரு?"

"இளவரசர்தான்."

"அவரை என்ன சொல்றீங்க?"

"பாவம் மேடம், அவருக்கு வேற வழியில்ல. கொன்னுட்டு எவ்வளவு உடைஞ்சு போயிட்டார் தெரியுமா? அஞ்சலியில அவருக்கும் ஒரு மெழுகுவத்தி வெக்கிறோம்."

அவள் போனை அணைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் விரலால் சைகை காட்டினார். அன்றைய பதிவு, துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு. அவள் ஆப்பிள் துண்டை மென்று விழுங்கிவிட்டு, முதல் பக்கத்தைத் தன் சொந்தக் குரலில் வாசிக்க ஆரம்பித்தாள்.