பூநகரிப் பெண்களின் ஊக்கக் குறைவு

எங்கள் திட்ட அலுவலர் பிரசாந்தனுக்குத் தரவில் பெரும் பக்தி. அது எங்கிருந்து வருகிறது என்பதில் மட்டும் அக்கறை இல்லை.

கிராமப் பெண்களுக்கான கோழி வளர்ப்புப் பயிற்சி கிளிநொச்சியில் பன்னிரண்டு சனிக்கிழமை நடந்தது. ஒன்பது நாள் வரவு இருந்தால் குஞ்சு பொரிக்கும் இயந்திரம் ஒன்று இலவசம். வரவுத் தாளில் கையெழுத்து நாலு மணிக்கு, பயிற்சி முடியும்போதுதான். காலையிலேயே வாங்கினால் சாப்பாட்டுப் பார்சலோடு ஓடிவிடுவார்களாம். பூநகரிக்குப் பஸ் மூன்று மணிக்கு. அதை விட்டால் ஆறரைக்கு, அதுவும் வந்தால்தான்.

வரவுத் தாள் என் பொறுப்பு. மூன்றாம் சனிக்கிழமை அதைக் கணினியில் பதிந்தபோது பூநகரிப் பெண்கள் ஏழு பேருக்கும் வரவு பூச்சியம். காலையில் எல்லோருக்கும் முதல் வந்து முன் கதிரைகளில் இருந்தவர்கள் அவர்கள்தான். பஸ் நேரத்தைப் பக்கத்தில் எழுதி பிரசாந்தனிடம் காட்டினேன்.

"பஸ் எல்லாருக்கும் பிரச்சினைதான், சுகந்தினி. இது ஊக்கக் குறைவு. அடுத்த கிழமை ஒரு ஊக்கப் பேச்சு வைப்பம்."

பேச்சை மூன்றரைக்கு வைத்தார்.

அந்தச் சனிக்கிழமை, மூன்று மணிக்குக் கால்மணி நேரம் இருக்க, பஸ்ஸுக்குப் புறப்பட்ட சிவலட்சுமி அக்கா படலையடியில் என்னை மறித்தா.

"தங்கச்சி, இண்டைக்கும் கையெழுத்து இல்லையெண்டால் ஒன்பது வராது, என்ன?"

"ஓம் அக்கா."

"கோழிக்கூடு அடிச்சு முடிச்சிட்டன். உள்ளை விட ஒண்டுமில்லை. நானே போய்ப் படுக்கிறதோ?"

தாளை நீட்டினேன். ஏழு பேரும் மதிலில் வைத்துக் கையெழுத்திட்டுவிட்டு ஓடினார்கள். பிறகு வவுனியாவிலிருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வந்து, ஒரு நாளும் தவறாத பெண்களுக்குத் தவறாமல் வருவதன் மேன்மையை விளக்கினார்.

மிச்சச் சனிக்கிழமைகளிலும் படலையடியிலேயே கையெழுத்து வாங்கினேன். பிரசாந்தன் கணினியில் வரவு வரைபைப் பார்த்துப் பூரித்தார். "பாத்தீங்களே? பேச்சுக்குப் பிறகு நூறு வீதம்."

அளக்கும் முறையை இடையில் மாற்றினால் அடிக்குறிப்பு இட வேண்டும் என்று மாலை நேரப் புள்ளிவிபர வகுப்பில் படித்திருக்கிறேன். நான் இடவில்லை. இட்டால் ஏழு பேருக்கும் இயந்திரம் கிடைக்காது என்று நினைத்தேன். என் வேலை போய்விடும் என்றும் நினைத்தேன். எதை முதலில் நினைத்தேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

கடைசி நாள் கருத்துப் படிவம். 'உங்களை மாற்றியது எது?' என்று ஒரு கேள்வி.

"பேச்சு எண்டு எழுதுறன்," என்றா சிவலட்சுமி அக்கா.

"நீங்கள் அதைக் கேக்கவேயில்லையே."

"கேளாமலே இவ்வளவு திருந்திட்டம். கேட்டிருந்தால் எங்கை போய் நிண்டிருப்பமோ."

"பஸ்ஸைப் பற்றி எழுதுங்கோ அக்கா."

"மெசின் இன்னும் உங்கடை ஸ்டோரிலை கிடக்கு, பிள்ளை. அது என்ரை வீட்டை வரட்டும். பிறகு பஸ்ஸைப் பற்றி எவ்வளவும் எழுதித் தாறன்."

ஏழு படிவத்திலும் பேச்சு. நானே பதிந்தேன். பங்கேற்பாளரின் குரலைக் கேட்டுத் திட்டத்தை மேம்படுத்தியதாகப் பிரசாந்தன் அறிக்கை அனுப்பினார்.

இரண்டு கிழமை கழித்து அக்கா தொலைபேசியில் அழைத்தா. "மெசின் வந்திட்டுது, தங்கச்சி. இனிப் பஸ் கதையை உங்கடை ஐயாவிட்டைச் சொல்லுங்கோ."

அடுத்த வருட நேர அட்டவணையை அப்போதுதான் தட்டச்சு செய்து முடித்திருந்தேன். கிழமைக்கொரு பேச்சு. பயிற்சி முடிவது நாலுக்கல்ல, மாலை ஐந்து மணிக்கு.