பந்துக்கு எவ்வளவு காத்து?

மக்கர் பண்ணினது என் இடுப்புதான், என் கை இல்ல. இதை எத்தனை பேர்கிட்டதான் சொல்றது? நான் பஸ் ஓட்டுறவ. நீளமான வண்டி, நெரிசலான ரூட்டு. ஒருநாள் சக்கரத்துக்குக் கட்டை வைக்கக் குனிஞ்சவ நிமிர முடியாம அப்படியே நின்னுட்டேன். அன்னைக்கு ஆரம்பிச்சது விடுப்பு.

டிப்போ டாக்டரம்மா கறாரா சொல்லிட்டாங்க. "வீட்டுல இந்தப் பெரிய ரப்பர் பந்துல காத்தடிச்சு, அது மேல உக்காந்து பயிற்சி பண்ணுங்க. மாசக் கடைசியில இங்க வந்து, பந்து மேல உக்காந்து கையைக் கட்டிக்கிட்டு, ஒரு காலைத் தூக்கிக் காட்டணும். ஆடாம இருந்தா ஸ்டியரிங். ஆடினா டிக்கெட் கவுண்டர்." மடிச்சு வச்ச பந்தைப் பெட்டியோட கையில குடுத்தாங்க.

கவுண்டராம்! கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து டிக்கெட் கிழிக்கவா நான் பொறந்தேன்? ஒரு கை பாத்துடலாம்னு பெட்டியோட வீட்டுக்கு வந்தேன்.

என் வீட்டுக்காரர் எங்க வீடு இருக்குற கடைத்தெருவுலயே டயர் கடை வச்சிருக்கார். எந்தச் சக்கரம் வந்தாலும் தட்டிப் பாத்தே காத்து எவ்வளவுன்னு சொல்லிடுவார். பந்தைப் பாத்ததும் மனுஷனுக்கு முகமெல்லாம் பல்லு. கடைக்கு எடுத்துட்டுப் போய், லாரி டயருக்கு அடிக்கிற மெஷின்லயே காத்தடிச்சு, தோள்ல வச்சு ஊர்வலமா கொண்டு வந்தார். வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி டயரை உதைச்சுப் பாக்குறது என் வழக்கம். பழக்க தோஷம், பந்துக்கும் ஒரு உதை விட்டேன். டங்குன்னுது.

"இதுதான் பந்து!"ன்னேன்.

"பின்ன? காத்து கம்மின்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்ல"ன்னார்.

ரெண்டு பேருக்கும் அவ்வளவு திருப்தி. உக்காந்தேன். கால் விரல் மட்டும்தான் தரையில பட்டுச்சு. அடுத்த நிமிஷம் சோபாவுக்கு அடியில என்னென்ன கிடக்குன்னு படுத்தபடியே பாத்துக்கிட்டிருந்தேன். தொலைஞ்சுபோன ரிமோட் கிடைச்சது, அது ஒண்ணுதான் லாபம்.

தினமும் இதே கூத்து. நான் குளிக்கப் போற நேரமா பாத்து அவர் பந்தை அமுக்கிப் பாப்பார், "லேசா இறங்கியிருக்கு"ன்னு கடைக்கு ஓடுவார், கல்லு மாதிரி ஆக்கிக் கொண்டு வருவார். நான் ஏறுவேன், அது உருட்டிவிடும், மறுபடியும் ஏறுவேன். போகப் போக விழுறது குறைஞ்சது. ஆனா உடம்பு நடுங்குறது மட்டும் நிக்கவே இல்ல.

மாடியில இருக்குற நாத்தனார் வந்து கதவுல சாஞ்சு நின்னா. "அண்ணி, உங்களுக்கும் பந்துக்கும் ஏழாம் பொருத்தம். பேசாம கவுண்டருக்குப் போங்களேன். ஃபேன் காத்து, மெத்தை நாற்காலி."

"அந்த நாற்காலியில நீ போய் உக்காரு தாயி"ன்னேன். அவ வாயைப் பொத்திச் சிரிச்சுக்கிட்டே போனா.

வாய் வீரமா பேசிடுச்சு, உள்ளுக்குள்ள பயம். டெஸ்டு அன்னைக்குக் காலையில ஒரு தடவை ஏறினேன், நடுங்கினேன். பஸ்ஸை வேற ஒருத்தி ஓட்டிட்டுப் போறதை நினைச்சுப் பாத்தேன். தாங்கல. முகத்தைக் கழுவிக்கிட்டு கிளம்பிட்டேன். ஆடினா ஆடட்டும், ஓடி ஒளியுறவ நான் இல்ல.

டாக்டரம்மா ரூம்ல அவங்க பந்து காத்திருந்துச்சு. வழக்கம்போல உதைச்சேன். பொதுக்குன்னு உள்ள போச்சு.

"என்னம்மா பண்றீங்க?"

"டாக்டர், இதுல காத்தே இல்லையே!"

"அதான் சரியான அளவு. உக்காந்தா கொஞ்சம் அமுங்கணும். பெட்டி மேல படத்துல போட்டிருக்கே, பாக்கலையா?"

படமா? காத்தடிக்கிறதுக்கு எங்க வீட்டுல யாரு படம் பாப்பா?

உக்காந்தேன். ரெண்டு பாதமும் முழுசா தரையில பதிஞ்சுது. கையைக் கட்டினேன், காலைத் தூக்கினேன். நடுக்கமா, அது எங்க போச்சுன்னே தெரியல. அடுத்த காலைத் தூக்கினேன். டாக்டரம்மா தோளைப் பிடிச்சுத் தள்ளிப் பாத்தாங்க. அசையல.

"வீட்டுல எப்படிப் பண்ணீங்க?"

சொன்னேன். சிரிச்சுச் சிரிச்சு அவங்களுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. "நாளைக்கே வண்டியை எடுங்க. ஆனா அந்தப் பாறாங்கல்லுல பாதி காத்தை இறக்கிடுங்க"ன்னாங்க.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் இவர் முகம் வெளிறிப்போச்சு. "அப்ப உன்னை தினமும் கீழ தள்ளிவிட்டது நானா?"

"நீங்களேதான். உங்களைச் சும்மா விடக்கூடாதுதான், ஆனா தினமும் மெனக்கெட்டு காத்தடிச்சீங்களே, அதுக்காகப் பிழைச்சுப் போங்க."

மனுஷன் சிரிக்கல. பந்து பக்கத்துல உக்காந்து, கொஞ்சம் கொஞ்சமா காத்தை இறக்கினார். பாதியில மூக்கை உறிஞ்சினார். நானும் பக்கத்துல உக்காந்து பந்தை அமுக்கிக் குடுத்தேன்.

மறுநாள் வண்டியை எடுத்தேன். எங்க கடைத்தெருவுல திரும்பினதும் வண்டியை மெதுவாக்கி, ஹாரனை நீளமா ஒரு அடி அடிச்சேன். கடைக்காரங்க எல்லாரும் வெளிய வந்து கையை ஆட்டினாங்க. என் நாத்தனார் கூட மாடியில நின்னு கத்தினா. கடை வாசல்ல நின்ன என் வீட்டுக்காரர் மட்டும் என்னைப் பாக்கல. குனிஞ்சு முன் டயரைப் பாத்தார், பின் டயரைப் பாத்தார், சரின்னு தலையை ஆட்டினார்.

அப்புறம்தான் நிமிர்ந்து என்னைப் பாத்தார். பாத்துக்கிட்டே நின்னார்.