இரண்டாவது சாவி

நாட்டின் தலைநகரில் ஆட்சி இன்றைக்கோ நாளைக்கோ என்று ஆடிக்கொண்டிருந்தது, கண்ணுகளா. "மேல இருக்கறவங்கள நம்பாதீங்க, உங்க ஊருக்கு வேண்டியத நீங்களே சேத்து வையுங்க" என்று மாநில அரசு சொல்லிவிட்டது. ஊரே தன் தானியத்தைக் கொண்டுபோய் மாவு மில்லுக்காரியின் குடோனில் அடுக்கியது. அடுத்த அறுவடைவரை அத்தனை பேர் வயிறும் அந்த ஒரு கதவை நம்பித்தான் இருந்தது.

ஒருநாள் மாநில அதிகாரி வந்து, அந்தக் கதவில் புதுப் பூட்டு ஒன்றைப் போட்டு, சாவியை மில்லுக்காரியிடம் கொடுத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பூட்டு வாங்கினா ரெண்டு சாவி வருமே சார். இன்னொண்ணு எங்க?"

"எங்க ஆபீஸ்ல பத்திரமா இருக்கும்மா. அவசரத்துக்கு."

"யாரோட அவசரத்துக்கு?"

அதிகாரி சிரித்து மழுப்பினார். அவள் எதிர்க்கடையில் இன்னொரு பூட்டு வாங்கி வந்து, கதவின் கீழ்க்கொண்டியில் மாட்டினாள். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"எங்களையே சந்தேகப்படுறீங்களா?"

"மேல இருக்கறவங்கள நம்பாதீங்கன்னு சொல்லிக் குடுத்ததே நீங்கதானே சார்."

அவர் ஜீப் ஏறிப் போனதும் கூடியிருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவள் கொழுந்தன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் மூட்டைகளும் உள்ளேதான் இருந்தன.

"அண்ணி, உங்க பூட்டுக்கும் ரெண்டு சாவிதானே?"

"ஏன், என்மேலயும் சந்தேகமா?"

"அப்படியில்ல. ஊர்க்காரங்க கையிலயும் ஒண்ணு இருக்கட்டுமேன்னுதான்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் அதை எந்தப் பையில் போடுகிறான் என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.