இரண்டு இடம் தள்ளி

பி.ஏ. கணிதத்தில் இரண்டு முறை தோற்றவனுக்கு உலகத்தில் என்ன மரியாதை கிடைக்குமோ, அதை 1927ஆம் வருஷம் கொருக்குப்பேட்டையில் நான் குறைவில்லாமல் அனுபவித்துக்கொண்டிருந்தேன். ரயில் பாதையை ஒட்டிய கடலைக் கிடங்கு ஒன்று என் தாய்மாமா ராசையாவுக்குச் சொந்தம். அங்கே மூட்டைகளை நிறுத்து எடை எழுதுவது என் உத்தியோகம். "பேரு ஞானதுரை. ஞானம் மட்டும் வரலை" என்று வருகிறவர்களுக்கெல்லாம் மாமா என்னை அறிமுகம் செய்துவைப்பார். தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமாகியும் அந்த ஊர்க் குத்தல் அவர் நாக்கை விட்டுப் போகவில்லை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வண்ணாரப்பேட்டைக் கடைகளில் பொட்டலம் கட்ட வரும் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் கணக்குப் புதிர்ப் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொள்வேன். புதிரைப் படித்து ஐந்து நிமிஷம் மோவாயைத் தடவுவேன். பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்பி விடையைப் பார்ப்பேன். மறுநாள் அதே புதிரை நாலு பேரிடம் போட்டு, அவர்கள் விழிக்கும்போது விடை சொல்லிப் பெரிய மனிதனாவேன். பரீட்சையில் தாளைத் திருப்ப விடமாட்டார்கள் என்பதுதான் என் தோல்விக்கு முழுக் காரணம்.

ஆடி மாதம் கிடங்கில் வேலை குறைவு. கடலையில் கல்லும் சொத்தையும் பொறுக்க நிரந்தரமாகப் பத்துப் பெண்கள் உண்டு. அவர்களைத் தவிர தினம் ஒரே ஒருத்தியைக் கூடுதலாக எடுப்பார்கள். அந்த ஒரு இடத்துக்குக் காலையில் இருபது பேர் வாசலில் நிற்பார்கள். ஆள் பொறுக்கும் அதிகாரம் மேஸ்திரி லோகநாதனுக்கு. அவர் முகம் பார்த்துத்தான் எடுப்பார். யார் வீட்டுச் சுறாப்புட்டு முந்தின நாள் அவர் வீட்டுக்கு வந்ததோ, அந்த முகம்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். ஒரு நாள் இது குடுமிப்பிடிச் சண்டையில் முடிந்து, அவிழ்ந்த மூட்டைக் கடலை முழுவதும் தண்டவாளத்தில் உருண்டது. மாமா என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, நீதான் பெரிய கணக்குப்புலி ஆச்சே. முகம் பாக்காம ஆள் எடுக்க ஒரு வழி சொல்லு."

மாமா கிண்டலாகத்தான் கேட்டார். நானோ புதிர்ப் பக்கத்தை நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினேன். பெண்கள் வட்டமாக நிற்கவேண்டும். தராசுக்குப் பக்கத்தில் நிற்பவள்தான் முதல் ஆள். மேஸ்திரி ஒரு கோலை எடுத்துக்கொண்டு வலப்பக்கமாகச் சுற்றி, முதல் ஆளை "இரு" என்பார், அடுத்தவளை "போ" என்பார், அதற்கடுத்தவள் "இரு", பிறகு "போ". போகச் சொன்னவள் வட்டத்தை விட்டு விலகவேண்டும். இப்படியே சுற்றிச் சுற்றி வந்தால் கடைசியில் ஒருத்தி மிஞ்சுவாள். வேலை அவளுக்கு.

"கடவுள் சித்தம்போல நடக்கும்" என்றார் மாமா. லோகநாதனுக்கு மட்டும் சுறாப்புட்டு போன துக்கம்.

எந்த இடத்தில் நின்றால் மிஞ்சலாம் என்று எனக்குத் தெரியாது. தினம் வரும் கூட்டம் ஒரு நாள் பதினேழு, ஒரு நாள் இருபத்திரண்டு. பத்திரிகையில் ஒரே ஒரு எண்ணிக்கைக்குத்தான் விடை போட்டிருந்தது. பெண்களுக்கோ ஆளுக்கொரு நம்பிக்கை. முதல் இடம் ராசியென்று ஒரு கூட்டம், 'போ' தாமதமாக வரும் என்று கடைசி இடத்துக்கு அடித்துக்கொள்ளும் இன்னொரு கூட்டம்.

அந்த வட்டத்துக்குக் கெங்கம்மா வர ஆரம்பித்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, வெடுக்கென்ற பேச்சு. அவள் புருஷன் மண்ணாங்கட்டி கூட்ஸ் வண்டியில் மூட்டை ஏற்றுகிறவன். பலகை சரிந்து காலை ஒடித்துக்கொண்டு இரண்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தான். வீட்டில் அடுப்பு எரிவதும் எரியாததும் லோகநாதனின் கோல் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்திருந்தது.

முதல் வாரம் அவள் ஒரு நாளும் மிஞ்சவில்லை. இரண்டாம் வாரம் திங்கட்கிழமை மிஞ்சினாள், செவ்வாயும் மிஞ்சினாள். இப்படி ஞாயிறு நீங்கலாக ஒன்பது நாள். எல்லோருக்கும் கடைசியில் வந்து, ரோட்டிலிருந்தே கூட்டத்தை ஒரு பார்வை பார்த்து, நேராக நடந்து ஏதோ ஓர் இடுக்கில் நுழைந்துகொள்வாள். இடம் தினம் ஒன்றாக இருக்காது. ஆனால் கோல் அவளிடம் வரும்போதெல்லாம் லோகநாதன் வாயிலிருந்து "இரு" மட்டும்தான் வரும்.

பத்தாம் நாள் பொறுக்க முடியாமல் தராசடியில் அவளை மடக்கினேன். "இது எப்படி?"

"கணக்கு நைனா" என்றாள்.

கணக்கு! என் தலையில் யாரோ குட்டியது மாதிரி இருந்தது.

"வூட்ல அந்த ஆளு பட்துகினு பேஜாரு பண்ணுச்சு. புளியங்கொட்டையை வட்டமா வச்சி இரு, போன்னு ரெண்டு பேரும் ஆடிகினு இருந்தோம். பதினாறு கொட்டைன்னா மொத கொட்டைதான் மிஞ்சுது. ஒண்ணு சேத்தா ரெண்டு எடம் தள்ளி, மூணாவது. இன்னொண்ணு சேத்தா அஞ்சாவது. ஒரு பொம்பள கூட வந்தா ரெண்டு எடம் தள்ளி நிக்கணும். அவ்ளோதான்."

"ஏன் இரண்டு?"

என்னை இரக்கத்தோடு பார்த்தாள். கீழே கிடந்த கடலைகளைப் பொறுக்கிச் சாக்கின் மேல் வட்டமாக வைத்தாள். "புச்சா ஒருத்தி வந்தா இன்னா ஆவுது? மொதல்ல ஒருத்தி 'போ'ன்னு போய்டறா. மிச்சம் நிக்கறது நேத்து நின்ன அத்தினி பேருதான். ஆனா எண்றது மூணாவது ஆள் கிட்டேர்ந்து ஆரம்பிக்குது. எல்லாம் ரெண்டு தள்ளிப் போச்சா இல்லியா?"

போய்விட்டதுதான். காலேஜில் ஒரு கரும்பலகை நிறைய எழுதி நிரூபிக்கும் விஷயத்தை ஒரு பிடி கடலையில் முடித்துவிட்டாள். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, அவளைத் தூக்கிக் கொண்டாடவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், "ரொம்ப சரி" என்று வாத்தியார் மாதிரி தலையாட்டி வைத்தேன்.

ஆனால் மாதம் ஆடி. ஒன்பது நாள் தொடர்ந்து ஒருத்தி மிஞ்சினால் அதற்குக் கணக்கு காரணம் என்று ஆடியில் யார் நினைப்பார்கள்? மறுநாள் காலை பூவம்மா என்ற கிழவி ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து கெங்கம்மா காலில் ஊற்றி விழுந்தாள். பின்னாலேயே பத்துப் பேர் விழுந்தார்கள். எல்லையம்மன் இறங்கியிருக்கிறாளாம்.

"அய்ய, எழுந்திரு. நான் எண்ணிப் பாத்துதான் நிக்கறேன்" என்று கத்தினாள் கெங்கம்மா.

"பாத்தியா, கோவம் வருது ஆத்தாளுக்கு" என்றாள் பூவம்மா பயபக்தியோடு.

லோகநாதன் கோலைக் கீழே வைத்துவிட்டார். "அம்மனை சொத்தைக் கடலை பொறுக்க வச்சா என் குடும்பம் வெளங்குமா?" என்று கேட்டார். பூவரச மரத்தடியில் ஒரு சாக்கை விரித்து அவளை உட்காரவைத்தார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். அவள் எழுந்து வட்டத்துக்குள் வந்தால் மற்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு விலகினார்கள். வேறொருத்தி வேலைக்குப் போனாள். கெங்கம்மா வெயில் ஏறும்வரை தெய்வமாக இருந்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"தேங்கா மூடி ரெண்டு, எலுமிச்சம்பழம் ஆறு. இத்த வச்சிகினு நான் இன்னா பண்றது நைனா, ஒடைஞ்ச காலுக்குக் கட்டறதா? ஒருத்தியாச்சும் அரிசி கொண்டாந்தாளா?" அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

நேராக மாமாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். தன் கிடங்கில் கற்பூரம் எரிவதில் அவருக்கு ஏற்கெனவே கோபம். ஆனால் பெண்கள் மொத்தமாக நின்றுவிட்டால் வேலை கெடுமே என்று, ராயபுரம் சர்ச்சுக்குச் சேதி போகாதவரை பொறுத்துக்கொள்வதாக இருந்தார்.

"கணக்கா? ரெண்டு தரம் எழுதின உனக்கே தெரியாத கணக்கு அந்தக் கைநாட்டுக்காரிக்குத் தெரியுமாக்கும்? அப்படின்னா நீதாம்லே சொல்லிக் குடுத்திருக்கணும்."

என் வாழ்நாளில் முதல் முறையாக மாமா எனக்குக் கணக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டார். மறுக்கவேண்டிய நான் ஒரு நொடி பேசாமல் நின்றேன். அந்த நொடி இனிப்பாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. பிறகு, "இல்லை மாமா, அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்" என்றேன். அவர் நம்பவில்லை.

தெய்வமில்லை என்று காட்ட ஒரே வழிதான் உண்டு என்று கெங்கம்மா முடிவு செய்தாள். தோற்றுக்காட்ட வேண்டும். அடுத்த நாள் யார் விலகினாலும் விடாமல் ஓடிப்போய், தராசிலிருந்து இரண்டாவது இடத்தில் நின்றுகொண்டாள். முதல் 'போ' விழும் இடம் அது.

லோகநாதன் முதல் ஆளிடம் "இரு" என்றார். கோலை நகர்த்தினார். எதிரில் கெங்கம்மா, நெற்றியில் பூவம்மா அப்பிய குங்குமத்தோடு. கோல் அந்தரத்தில் நின்றது. அவர் "இரு" என்றார் மறுபடி. அடுத்தவளைப் பார்த்து அவசரமாக, "போ." ஒவ்வொரு சுற்றிலும் இதே கதை. கடைசியில் கெங்கம்மா மிஞ்சினாள்.

"எந்த எடத்துல நின்னாலும் அம்மன் அம்மன்தான்" என்று குலவை போட்டார்கள். மறுபடி சாக்கு, மறுபடி எலுமிச்சம்பழம்.

"நாளைக்குக் கோலை நீ புடி நைனா" என்றாள் கெங்கம்மா. "நீ வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். எங்க அம்மன் உன்ன ஒண்ணும் பண்ணாது."

மாமாவிடம் மேஸ்திரிக்கு உடம்பு சரியில்லை என்று நானும், என்னிடம் தனக்கு உடம்பு சரியில்லை என்று மேஸ்திரியும் சொல்ல, மறுநாள் கோல் என் கைக்கு வந்தது. பதினெட்டுப் பேர். கெங்கம்மா அதே இரண்டாவது இடம். அம்மனும் இல்லை, கிம்மனும் இல்லை என்று முந்தின நாள் மாலைவரை பேசியவன் நான். அவள் முன்னால் போய்க் கோலை நீட்டினேன். "போ" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"போ!"

பூவம்மா காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பேர் வானத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் விழவில்லை. கெங்கம்மா முகமெல்லாம் சிரிப்பாகக் கும்பிடு போட்டு, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள். வேலை இல்லாமல் போவதில் அவ்வளவு சந்தோஷப்பட்டவளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "அம்மன் மலையேறிட்டா" என்று தீர்ப்புச் சொன்னாள் பூவம்மா. லோகநாதனுக்கு அன்றே உடம்பு குணமாகிவிட்டது.

அதற்குப்பின் கெங்கம்மா புதிதாக ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் மிஞ்சுவாள், மூன்றாம் நாள் தோற்பாள். "மூணு நாள் சேந்தாப்ல நின்னா செம்பைத் தூக்கிகினு வந்துடுவாளுங்க" என்றாள். பட்டினி கிடந்தாவது வாரத்தில் இரண்டு நாள் சாதாரண மனுஷியாக இருக்கவேண்டியிருந்தது. எனக்கு அதில் ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை. பரீட்சையில் தோற்பதற்கு நான் இத்தனை பாடுபட்டதில்லை.

ஆவணி பிறந்த பிறகு ஒரு புதன்கிழமை. அவள் தோற்கவேண்டிய நாள். வாசலில் பதினாறு பேர் நின்றார்கள். தாயம்மா என்ற கைக்குழந்தைக்காரி விடிவதற்கு முன்பே வந்து முதல் இடத்தைப் பிடித்திருந்தாள். குழந்தைக்கு நாலு நாளாகக் காய்ச்சல் என்று எல்லோரிடமும் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். கெங்கம்மா பதினேழாவது ஆளாக வந்தாள். ரோட்டிலிருந்தே ஒரு பார்வை. நேராகத் தாயம்மாவிடம் போய் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"தெனம் நீயே மொதல்ல நிப்பியா? அந்தாண்ட போடீ!"

"அடிப்பாவி, கொழந்தை கீது பாக்கமாட்டே?"

ஒரே கூச்சல். முதல் இடத்தை இழந்த தாயம்மா தள்ளாடி நின்றபோது, அவளுக்கும் தராசுக்கும் நடுவில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி, அதுவரை இரண்டாவதாக நின்ற சொக்கம்மாள். இன்னொருத்தி கெங்கம்மா. லோகநாதன் கோலை எடுத்தார். சொக்கம்மாளை "இரு" என்றார், கெங்கம்மாவை நிம்மதியாக "போ" என்றார். தாயம்மா மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்துக்கொண்டிருக்க, கெங்கம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

பதினேழு பேர், மூன்றாவது இடம்: கடைசியில் தாயம்மா மிஞ்சினாள். குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எல்லையம்மன் கோயில் இருக்கும் திசைக்கு விழுந்து கும்பிட்டாள். "அந்தச் சண்டாளி புடிச்சித் தள்ளினாலும் என் ஆத்தா கைவிடல" என்று கிடங்கு முழுவதும் சொன்னாள். நான் தராசுக் கல்லைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மறுநாள் கெங்கம்மா வந்ததும் மெதுவாகச் சொன்னேன். "நேற்று தாயம்மாதான்."

"தெரியும்."

"உன்னைப் பொழுதுக்கும் திட்டினாள்."

"நல்லாத் திட்டினாளா?"

"ரொம்ப."

"அப்ப சரி. திட்டிகினு இருக்கறவரிக்கும் எலுமிச்சம்பழம் வராது" என்றாள். பிறகு கூட்டத்தை எண்ணிவிட்டு, பத்தொன்பது பேர் என்று முணுமுணுத்துக்கொண்டு ஏழாவது இடத்தில் போய் நின்றாள்.