வார்த்தினி கேட்ட நடைபாதை

துறைமுகத்தை ஒட்டிய மெலாத்தி தெருவில் நகலெடுக்கும் கடையில் வேலை பார்த்த வார்த்தினி, இரண்டு ஆண்டுகளில் நகராட்சிக்கு மூன்று மனு எழுதினாள். வீட்டுக்கும் கடைக்கும் கூப்பிடு தூரம்தான். ஆனால் நடைபாதை முழுக்க மோட்டார் சைக்கிள்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவள் தன் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு துறைமுக லாரிகளுக்கு நடுவே போய்வந்தாள்.

கோழி சோத்தோ சூப்பு விற்கும் சுமிராவின் தள்ளுவண்டியும் அதே நடைபாதையில்தான் நின்றது. ஆனால் வார்த்தினியின் தலை தெரிந்தாலே சுமிரா பெஞ்சை ஓரமாக இழுத்துவிடுவாள்.

"எந்திரிங்கப்பா, மகாராணி தேர் வருது" என்பாள். சூப்புக் கிண்ணமும் கையுமாக எல்லோரும் எழுந்துகொள்வார்கள்.

மூன்றாவது மனுவுக்குப் பலன் கிடைத்தது. ஒரு காலையில் நகராட்சி லாரி வந்து சுமிராவின் வண்டியை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. மோட்டார் சைக்கிள்களைத் தொட ஆளில்லை. ஏனென்று கேட்ட சுமிராவிடம் அதிகாரி திர்த்தோ காகிதத்தை நீட்டினார். அதன் அடியில் வார்த்தினியின் கையெழுத்து இருந்தது.

அன்று மாலையே வார்த்தினி சுமிராவின் வீட்டுக்குத் தேடிப்போனாள்.

"அக்கா, சத்தியமா உங்களச் சொல்லல. பைக்கத்தான் எழுதினேன்."

"பைக்கு அங்கேயேதான நிக்குது, தாயே" என்றாள் சுமிரா. உட்காரச் சொல்லவில்லை என்பதுகூட வார்த்தினிக்கு உறைக்கவில்லை. அவள்தான் எப்போதும் உட்கார்ந்தே இருப்பவளாயிற்றே. சுமிரா வாசல் கதவைச் சாத்தியபோதுதான் உறைத்தது.

அடுத்த மாதம் மோட்டார் சைக்கிள்களை அகற்றிவிட்டு, அவை மறுபடி ஏறாதிருக்க நடைபாதையின் இரு முனையிலும் இரும்புக் கம்பங்கள் நட்டார்கள். வார்த்தினி நாடாவால் அளந்து பார்த்தாள். இடைவெளி ஐம்பத்தைந்து சென்டிமீட்டர். அவள் நாற்காலியின் அகலம் அறுபத்தாறு.

திறப்பு விழாவுக்கு அவளைத்தான் ரிப்பன் வெட்ட அழைத்திருந்தார்கள். இரண்டு காவலர்கள் அவளை நாற்காலியோடு தூக்கிக் கம்பங்களுக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள்.

"ஒரே ஒரு கம்பத்த எடுத்துடுங்க, ஐயா" என்று அவள் திர்த்தோவின் காதருகே கெஞ்சினாள்.

"எல்லாம் உங்களுக்காகத்தாம்மா செஞ்சிருக்கு. சிரிங்க, போட்டோ எடுக்கிறாங்க."

அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் சிரித்தாள். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, மோட்டார் சைக்கிள்கள் திரும்பி வந்துவிட்டன. வண்டியைச் சாய்த்துக் கைப்பிடியைத் திருப்பினால் ஐம்பத்தைந்துக்குள் நுழைத்துவிடலாம் என்று ஓட்டுகிறவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். நாற்காலியைச் சாய்க்க முடியாது.

நான்காவது மனுவைத் திர்த்தோ வாங்கவே இல்லை. "கேட்டத செஞ்சாச்சு. இன்னும் என்ன?" என்றார்.

சுமிரா இப்போது சந்தை வாசலில் யாருடைய கடையிலோ பாத்திரம் கழுவுகிறாள். ஒருநாள் லாரிகளுக்கு நடுவே உருண்டுபோன வார்த்தினியைக் கண்டதும் கையை உதறிவிட்டு எழுந்து நின்றாள். உதவிக்கு வரப்போகிறாள் என்று வார்த்தினி ஒரு கணம் நம்பினாள்.

"பிளாட்பாரம் கேட்டு வாங்கினவ ரோட்டுல என்னடி பண்ற?" என்றாள் சுமிரா.

பின்னால் லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். வார்த்தினி சக்கரத்தைத் தள்ளினாள்.