கேஸ் மாத்திரை

குன்றாண்டார்கோவில் ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்த சந்தனமேரிக்கு அந்த ஆண்டு முழுக்கத் தூக்கம் தீரவே இல்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் கை கால் கனத்தன. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸில் கண்ணயர்ந்து, இறங்க வேண்டிய இடம் தாண்டிக் கீரனூர் வரை போய்விட்டாள்.

தைராய்டு அவளுக்குப் பத்து வருடமாக உண்டு. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அதிலேயே எல்லாம் சரியாக இருந்தது. இப்போது புதுக்கோட்டை டாக்டர் இரண்டு முறை மாத்திரையின் அளவைக் கூட்டியும் பலன் இல்லை. வேறு மருந்து சாப்பிடுகிறாளா என்று அவர் கேட்டபோது இல்லை என்றாள். பொய் சொல்லும் எண்ணமில்லை. நெஞ்செரிச்சலுக்கு இன்னொரு டாக்டர் ஒரு மாதத்துக்கு எழுதிக்கொடுத்ததை, அதே சீட்டைக் காட்டி வாங்கி ஒன்பது மாதமாகத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது வெறும் கேஸ் மாத்திரை. அதை மருந்துக் கணக்கில் சேர்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

கணவன் சேரன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். முதலில் பரிதாபப்பட்டான், பிறகு அலுத்துப்போனான். ஒரு ஞாயிறு பூசைக்குக் கிளம்ப முடியாமல் அவள் படுத்துக் கிடந்தபோது, "ஒனக்கு ஒடம்புல ஒண்ணும் இல்ல. மனசுலதான்," என்றான். அப்படித்தானோ என்று அவளே நம்பத் தொடங்கினாள்.

மருந்துக்கடையில் புதிதாகச் சேர்ந்த இசைவாணிதான் இரண்டு சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். எதை எப்போது சாப்பிடுகிறாள் என்று விசாரித்தாள்.

"அக்கா, இந்தக் கேஸ் மாத்திரை வயித்துல அமிலத்தக் கொறைக்கும். அமிலம் கொறஞ்சா தைராய்டு மாத்திரை ஒடம்புல சரியாச் சேராது. நீங்களா எதையும் நிறுத்திராதீங்க. ரெண்டு சீட்டையும் டாக்டர்ட்ட காட்டுங்க."

வீட்டுக்கு வந்து சேரனிடம் சொன்னாள். கோபமாகச் சொல்ல நினைத்தது களைப்பாகத்தான் வந்தது. "தெரியாமச் சொல்லிட்டேன் மேரி," என்றான் அவன். அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. மறுநாள் அவனும் லீவு போட்டு, புதுக்கோட்டை டாக்டரிடம் கூட வந்தான்.

நெஞ்செரிச்சல் மாத்திரை இனித் தேவையில்லை, படிப்படியாக நிறுத்தலாம் என்றார் டாக்டர். எரிச்சல் சில நாள் திரும்ப வந்து படுத்தியது. இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துச் சமாளித்தாள். ஆறு வாரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில், ஏறியிருந்த டி.எஸ்.எச். அளவு பாதிக்கு இறங்கியிருந்தது. முழுதாகத் தேற இன்னும் சில மாதம் ஆகுமாம்.

இன்னும் சில மாதமா என்று அவளுக்கு ஆயாசமாக இருந்தது. சேரன் சோற்றை வடித்து வைத்துக் கூப்பிட்டான். எழுந்து போய்ச் சாப்பிட்டாள்.